கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போவதால் மதுரையின் வரைபடம் மாறுமா?

உத்தங்குடிப் பக்கம் வீடு கட்டிக் குடியேறியிருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: தங்கள் வார்டில் பகுதி சபைக் கூட்டம் (வார்டின் ஒரு பகுதியில் குடியிருப்பவர்கள் கூடிப் பேசும் கூட்டம்) நடக்கப்போவதாக மாமன்ற உறுப்பினரின் ஆட்கள் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள், அடுத்த இருபது ஆண்டுகளில் மதுரை எப்படி இருக்க வேண்டும் என்று அங்கே மக்கள் சொல்லலாமாம், அப்படிச் சொல்வதால் உண்மையில் ஏதாவது மாறுமா, அல்லது வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவதற்காகக் கூட்டும் கூட்டமா? இந்தக் கேள்விக்குள் வேறு இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. ஏற்கெனவே முடிவான ஒன்றுக்குத் தலையாட்ட நம்மை அழைக்கிறார்களோ என்பது ஒன்று. நகரமைப்பு படித்தவர்கள் செய்யவேண்டிய வேலையில் நம்மைப் போன்றவர்கள் சொல்ல என்ன இருக்கிறது என்ற தயக்கம் மற்றொன்று. இரண்டாவதை அவர் வெளிப்படையாகக் கேட்கவில்லை, ஆனால் கூட்டங்களில் பின்வரிசையில் உட்கார்ந்து எழுந்துபோகிற பலரிடம் நான் பார்த்தது அதைத்தான். நகரமைப்பு அலுவலகங்களில் வரைவாளராகச் சேர்ந்து 31 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். ஓய்வுபெற்ற பிறகு, கூப்பிடுகிற வார்டுகளில் வரைபடம் வாசிக்கச் சொல்லித் தருகிறேன். வழக்கறிஞன் அல்லன். ஆகவே கீழே சட்டம் பற்றிச் சொல்வதை, அந்தச் சட்டத்தின்படி கோப்பு எழுதியவன் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், ஐயமில்லாமல் சொல்லக்கூடியவை. அரசியலமைப்பின் 74-ஆவது திருத்தம் 1993 ஜூன் முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. மூன்று லட்சமோ அதற்கு மேலோ மக்கள்தொகை உள்ள நகராட்சி அமைப்புகளில் வார்டு குழுக்கள் இருக்கவேண்டும் என்று அது சொல்கிறது. நகர அமைப்புகளுக்கு ஒப்படைக்கத்தக்கவை என்று அது பட்டியலிட்ட 18 பணிகளில் முதலாவது, நகரத் திட்டமிடல். தமிழ்நாட்டில் வார்டு குழு, பகுதி சபை ஆகியவற்றுக்கான விதிகள் 2022-இல்தான் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் முதல் தேதி, உள்ளாட்சி தினத்தன்று, முதல் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. இது ஒரு கதவு. மற்றொரு கதவு 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டம். அதன்படி ஒரு நகரத்துக்கு முழுமைத் திட்டம், அதாவது எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் 'மாஸ்டர் பிளான்', தயாரானதும், அரசின் இசைவு பெற்று, அரசிதழிலும் முன்னணி நாளிதழ்களிலும் அறிவிப்பு வெளியிட்டு, யாரிடமிருந்தும் எழுத்து மூலமான ஆட்சேபணைகளையும் ஆலோசனைகளையும் பெறவேண்டும். அதற்குத் தரும் அவகாசம் அரசிதழில் வெளியான நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குக் குறையக்கூடாது. நேரில் கேட்கப்பட வேண்டும் என்று கோரியவருக்கு அந்த வாய்ப்பையும் தரவேண்டும்.

இந்த இரண்டு கதவுகளும் ஒரே கட்டடத்துக்குள் போகவில்லை என்பதுதான் பெரும்பாலான குழப்பத்துக்குக் காரணம். பகுதி சபை மாநகராட்சியைச் சேர்ந்தது, வார்டு குழுவுக்கு மாமன்ற உறுப்பினர் தலைவர், பகுதி சபையின் பிரதிநிதிகள் மக்களால் தேர்ந்தெடுக்கப்படாமல் மாமன்றத்தால் நியமிக்கப்படுகிறார்கள். முழுமைத் திட்டமோ, நகரமைப்புக்கென்று உள்ள தனி அமைப்பான திட்டக் குழுமத்தின் கையில் இருக்கிறது, அது மாநில அரசின் ஒப்புதலில் முடிகிறது. அரசியலமைப்பின் பட்டியலில் முதலிடத்தில் இருக்கும் பணி, நடைமுறையில் மாநகராட்சியின் கைக்கு முழுதாக வந்து சேரவே இல்லை. ஆகவே உங்கள் பகுதி சபையில், ஊருக்கு வெளியே எந்தத் திசையில் தொழிற்பேட்டை வரவேண்டும் என்று நீங்கள் எவ்வளவு நியாயமாகப் பேசினாலும், அது தீர்மானப் புத்தகத்தில் ஏறி அங்கேயே தங்கிவிடும். அந்தப் பேச்சு போய்ச் சேரவேண்டிய இடம் வேறு. அதேபோல, திட்டக் குழுமத்துக்கு உங்கள் தெருவின் குடிநீர்க் குழாய் உடைந்திருப்பதை எழுதினால், அந்தக் கடிதத்தைப் பிரித்துப் பார்த்தவர் அதை மாநகராட்சிக்குத் திருப்பி அனுப்புவதோடு தன் கடமை முடிந்தது என்று நினைப்பார். நானும் அப்படி அனுப்பியிருக்கிறேன்.

உங்கள் பகுதிக்கென்றே ஒரு தனிக் கணக்கும் இருக்கிறது. 2011-இல் மதுரை மாநகராட்சி ஏறத்தாழ 52 சதுர கிலோமீட்டரிலிருந்து 148 சதுர கிலோமீட்டராக விரிந்து, 72 வார்டுகள் 100 ஆயின. அவனியாபுரம், திருப்பரங்குன்றம், ஆனையூர் ஆகிய மூன்று நகராட்சிகளும் மூன்று பேரூராட்சிகளும் 11 கிராம ஊராட்சிகளும் அப்போது உள்ளே வந்தன. அந்த 11 ஊராட்சிகளுக்கும் அதுவரை கிராம சபை இருந்தது, குடியரசு நாளிலும் சுதந்திர நாளிலும் ஊர் கூடி வரவுசெலவைக் கேட்கிற சட்ட உரிமை இருந்தது. நகரத்தோடு சேர்ந்த அன்றே அது போயிற்று. அதற்கு ஈடான பகுதி சபை வர மேலும் 11 ஆண்டுகள் ஆயின. நகரம் ஆவது என்றால் சாலையும் விளக்கும் வருவது என்று நினைத்தவர்கள், பேசும் இடம் ஒன்று போய்விட்டதைக் கவனிக்கவே இல்லை. இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். ஸ்மார்ட் சிட்டி திட்டத்துக்கு மதுரை 2016 செப்டம்பரில் தேர்வானது. அடுத்த மாதமே மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. புதிய மாமன்றம் 2022 பிப்ரவரியில் நடந்த தேர்தலுக்குப் பிறகுதான் அமைந்தது. பெரியார் பேருந்து நிலையம் இடித்துக் கட்டப்பட்டதும் வைகைக் கரைகளில் சாலை போடப்பட்டதும் உட்பட அந்தத் திட்டத்தின் பெரிய வேலைகள் பலவும், கேள்வி கேட்க ஒரு மாமன்ற உறுப்பினர்கூட இல்லாத அந்த ஐந்தரை ஆண்டுகளில் நடந்தவை. அவை நல்ல வேலைகளா கெட்ட வேலைகளா என்பது வேறு விவாதம். மக்கள் பங்கேற்பு பற்றிப் பேசும்போது இந்த இடைவெளியை மறந்துவிட்டுப் பேசக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி நான் கண்ணால் கண்டது. பெயர் சொல்ல வேண்டாத ஓர் ஊரின் திட்ட வரைவுக்கு ஆட்சேபணைகள் வந்தபோது, அவற்றைத் தொகுத்து அட்டவணை போடும் வேலை என்னிடம் வந்தது. வரிசை எண், மனுதாரர் பெயர், ஆட்சேபணையின் சுருக்கம், அலுவலகக் குறிப்பு என்று நான்கு பத்திகள். முதல் மனுவுக்கு எதிரே என் மேலாளர் 'பரிசீலிக்கப்பட்டது, ஏற்க இயலாது' என்று எழுதினார். அடுத்ததற்கு 'மேற்படி'. அதற்கடுத்ததற்கும் 'மேற்படி'. பக்கம் பக்கமாக 'மேற்படி' என்ற ஒரே சொல் இறங்கிக்கொண்டே போயிற்று. அது அக்கிரமம் என்று இன்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை, அன்று அதைச் சுத்தமான கையெழுத்தில் படியெடுத்தவன் நான்தான். ஆனால் அந்த அட்டவணையை இப்போது நினைத்துப் பார்த்தால் வேறொன்றும் தெரிகிறது. 'மேற்படி' போட முடியாமல் மேலாளரின் பேனா நின்ற இடங்கள் சில இருந்தன. அவற்றில் எல்லாம் புல எண், அதாவது நிலத்தின் சர்வே எண், இருந்தது. இன்ன கிராமம், இன்ன புல எண், வரைவில் இது குடியிருப்பு என்று மஞ்சள் அடிக்கப்பட்டிருக்கிறது, ஆனால் கிராம நிலப் பதிவேடான 'அ' பதிவேட்டில் இது வாய்க்கால் புறம்போக்கு, நகல் இணைத்திருக்கிறேன் என்று ஒருவர் எழுதியிருந்தால், அதற்கு 'மேற்படி' போடுகிற துணிச்சல் எந்த அலுவலகத்திலும் எளிதில் வராது. ஏனென்றால் பின்னால் வழக்கு என்று வந்தால் அந்தத் தாள் முதலில் எடுக்கப்படும். 'எங்கள் ஊரின் இயற்கை வளத்தைக் காக்கவேண்டும்' என்று நூறு பேர் கையொப்பமிட்ட மனு ஒரே வரியில் போயிற்று. தனியொருவர் புல எண்ணோடு எழுதிய மனுவுக்காக இரண்டு முறை நிலத்துக்குப் போய்ப் பார்த்தோம்.

அப்படியானால் புல எண் தெரிந்த, சர்வேயரைத் தெரிந்த, படித்த ஆட்களுக்கு மட்டும்தான் இந்தக் கதவு திறக்குமா என்று நீங்கள் கேட்கலாம். இப்போதைக்கு ஏறக்குறைய அப்படித்தான். ஆனால் அறிவு இருப்பது ஓரிடம், புல எண் இருப்பது வேறிடம், இரண்டையும் சேர்த்துவைப்பதுதான் வேலை. ஓர் உதாரணம் சொல்கிறேன். நகரின் கிழக்குப் புறத்தில் கண்மாய்க் கரையை ஒட்டிய ஒரு தெருவில், சமுதாயக் கூடத்து மேசையில் பெரிய வரைபடத்தை விரித்துவைத்து, ஓர் இளம் பொறியாளர் சிவப்பு விளக்கால் சுட்டிச் சுட்டிப் பேசிக்கொண்டிருந்தார். வந்திருந்தவர்கள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அரை மணி நேரம் கழித்து ஓர் அம்மா எழுந்து, "சார், இதுல தெப்பக்குளம் எங்குட்டு இருக்கு?" என்று கேட்டார். பொறியாளர் ஒரு மூலையைக் காட்டினார். "அப்ப எங்க வீட்ட நீங்க தலகீழால்ல வச்சிருக்கீங்க" என்றார் அந்த அம்மா. கூடம் சிரித்தது. ஆனால் அந்தக் கேள்வி மிகச் சரியானது. மதுரைக்காரர்கள் வடக்கு மேலே இருக்கிற தாளை வைத்து ஊரைப் பார்ப்பதில்லை, கோயிலையும் ஆற்றையும் தெப்பக்குளத்தையும் வைத்துப் பார்க்கிறார்கள். தாளை மடித்துவைத்துவிட்டு எல்லாரும் வெளியே வந்தோம். சிமென்ட் சாலையில் அந்த அம்மாவே கோலப்பொடியால் முதலில் கண்மாய்க் கரையை இழுத்தார், அப்புறம் தன் தெருவை, ரேஷன் கடையை, பள்ளிக்கூடத்தை. பத்து நிமிடத்தில் பதினைந்து பேர் குனிந்து நின்று ஆளுக்கொரு கோடு திருத்தினார்கள்.

அப்போதுதான், அதுவரை திண்ணையை விட்டு இறங்காமல் இருந்த ஒரு பெரியவர் வந்தார். அவர் ஒரு காலத்தில் அந்தக் கண்மாயின் நீர்ப்பாய்ச்சி, மடை திறந்து வயல்களுக்கு முறைவைத்துத் தண்ணீர் விட்டவர். அந்த வயல்கள், அதாவது கண்மாயின் ஆயக்கட்டு முழுவதும், மனைகளாகிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. கோலப்பொடியை வாங்கி, கண்மாய் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வெளியேறும் மறுகால் இருந்த இடத்திலிருந்து ஒரு கோட்டை இழுத்து, இரண்டு தெருக்களுக்கு நடுவே கொண்டுபோய், "இங்கன தண்ணி நிக்காதுப்பா, ஓடும். ஓடுறத மறிச்சாத்தான் நிக்கும்" என்றார். பொறியாளரின் தாளில் அந்த இடம் மனைப்பிரிவுச் சாலை. பின்னர் நில அளவைப் படமான புலப்படத்தை எடுத்துப் பார்த்தபோது அங்கே வாய்க்கால் இருந்தது உண்மைதான் என்று தெரிந்தது. முடிவில் சாலை இடம் மாறவில்லை, அதற்குக் குறுக்கே இருந்த சிறுபாலத்தை அகலப்படுத்தும்படி எழுதிக் கொடுத்தோம், அது நடந்தது. பெரிய வெற்றி என்று சொல்லமாட்டேன், அடுத்த மழைக்கு அந்த இரண்டு தெருக்களில் தண்ணீர் தேங்கவில்லை, அவ்வளவுதான். இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. அதே நாளில் அதே கூட்டம், ஒரு காலி இடத்தைக் காட்டி அது ஊர்ப் பொது இடம் என்று ஒருமித்துச் சொன்னது. பதிவேட்டில் பார்த்தால் அது பல காலமாகத் தனியார் பட்டா நிலம். ஊரார் நினைவும் தவறும். அதை ஆவணத்தோடு ஒப்பிட்ட பிறகுதான் தாளில் ஏற்றவேண்டும்.

தண்ணீரைப் பற்றியே அதிகம் பேசுகிறேன் என்று தோன்றலாம். மதுரையில் எதிர்காலம் என்று சொல்லப்படுவதில் பாதி, பழைய தண்ணீர் போன வழியைக் கண்டுபிடிப்பதுதான். 2024 அக்டோபர் இறுதியில் பெய்த மழையில் செல்லூர்ப் பகுதியில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. செல்லூர்க் கண்மாய் நிரம்பினால் வெளியேறும் தண்ணீரைப் பந்தல்குடி வாய்க்கால் தாங்காது என்பது அந்தப் பகுதியில் குடியிருப்பவர்களுக்குப் புதிய செய்தி அல்ல. வெள்ளத்துக்குப் பிறகு, கண்மாயிலிருந்து வைகைக்குத் தனிக் கால்வாய் வெட்ட அரசு பணம் ஒதுக்கியது. இதே யோசனையை வெள்ளத்துக்கு முன்னால் ஒரு முழுமைத் திட்டத்தின் ஆட்சேபணைக் காலத்தில் யாராவது எழுதிக் கொடுத்திருந்தால் நடந்திருக்குமா என்றால், எனக்கு நம்பிக்கை குறைவு. வெள்ளம் வந்தால் பணம் வருகிறது, கடிதம் வந்தால் ஒப்புகைச் சீட்டுதான் வருகிறது. இதை எழுதுவதற்கு எனக்கே சங்கடமாக இருக்கிறது, ஆனாலும் கூட்டத்துக்குப் போகுமுன் நீங்கள் தெரிந்துகொள்ளவேண்டிய உண்மை இது.

கிருதுமால் நதியை எடுத்துக்கொண்டால் இன்னொரு சிக்கல் தெரியும். நகரத்துக்குள் அது சாக்கடை, பலருக்கு அது நதி என்றே தெரியாது. நகரத்தைக் கடந்த பிறகு சிவகங்கை, விருதுநகர், இராமநாதபுரம் மாவட்டங்களின் கண்மாய்களுக்கும் வயல்களுக்கும் அது பாசன நதி. நாம் நகரத்தில் கூடி எதிர்காலம் பேசும்போது, நம் கழிவைத் தங்கள் வயலில் வாங்கிக்கொள்கிறவர் எந்த வார்டிலும் இல்லை, எந்தப் பகுதி சபையிலும் அவருக்கு நாற்காலி இல்லை. 1971-ஆம் ஆண்டுச் சட்டம் 'எந்த நபரும்' ஆட்சேபிக்கலாம் என்கிறது, ஆகவே சட்டப்படி அவர் எழுதலாம். ஆனால் மதுரையின் வரைவுத் திட்டம் வெளியாகியிருக்கிறது என்று நரிக்குடிப் பக்கத்து விவசாயிக்கு யார் போய்ச் சொல்வது? பங்கேற்பு என்ற சொல்லை நாம் நகர எல்லையோடு நிறுத்திவிடுகிறோம், தண்ணீர் அங்கே நிற்பதில்லை.

மக்களை அழைத்து ஊரை மாற்றுவது மதுரைக்குப் புதிதா என்றால், அதுவும் இல்லை. தீபாவளிக்குத் துணி எடுக்கக் கூட்டம் நெரியும் விளக்குத்தூண், பிளாக்பர்ன் என்ற கலெக்டரின் நினைவாக நிற்கும் தூண். 1830-களிலும் 40-களிலும் இங்கே கலெக்டராக இருந்தவர் அவர். கோட்டைச் சுவருக்குள் நெருக்கியடித்துக் கிடந்த ஊரை விரிக்க அவர் கண்ட வழி, சுவரை இடித்து அகழியைத் தூர்க்கிறவர்களுக்கு அந்த நிலத்தையே கொடுப்பது. அப்படிப் பிறந்தவைதான் வெளி வீதிகள். வேலையை அளந்து மேற்பார்த்த மாரட்டும் பெருமாள் மேஸ்திரியும் இன்றும் தெருப்பெயர்களாக இருக்கிறார்கள். இடிக்காமல் மிஞ்சிய கோட்டைக் கொத்தளம் ஒன்றைப் பெரியார் பேருந்து நிலையத்துக்கு அருகே பார்க்கலாம். இதை மக்கள் பங்கேற்புக்கு முன்மாதிரி என்று மேடைகளில் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. எங்கே வீதி வரவேண்டும் என்று யாரையும் கேட்கவில்லை, கடப்பாரை பிடிக்க ஆளும் வசதியும் இருந்தவர்களுக்கு நிலம் கிடைத்தது. உழைப்பில் மக்கள் பங்கு, முடிவில் பங்கில்லை. நம் காலத்தில் மதிப்பீட்டில் ஒரு பகுதியை மக்கள் கொடுத்தால் மீதியை அரசு போடும் 'நமக்கு நாமே' திட்டத்துக்கும் இந்தக் குணம் கொஞ்சம் உண்டு: பணம் திரட்ட முடிந்த தெருவுக்குப் பூங்கா வரும், முடியாத தெரு காத்திருக்கும். இன்னொரு வெள்ளைக்காரர், 1914-இல் இந்தியாவுக்கு வந்து ஊர் ஊராகப் பார்த்து அறிக்கை எழுதிய பேட்ரிக் கெடிஸ், இந்தூரில் செய்தது இதைவிட எனக்குப் பிடிக்கும். பிளேக் நோய்ப் பயத்தில் இருந்த அந்த நகரத்தில், தீபாவளி ஊர்வலம் வழக்கமான வழியில் போகாது, எந்தத் தெருக்கள் அதிகம் சுத்தம் செய்து செப்பனிடப்பட்டிருக்கின்றனவோ அவற்றின் வழியாகத்தான் போகும் என்று அறிவித்தார். ஊரே துடைப்பத்தை எடுத்தது. சாமி புறப்பாட்டுக்கு வாசல் தெளித்துக் காத்திருக்கும் மாசி வீதிக்காரர்களுக்கு இந்த யுக்தியை விளக்கவேண்டிய தேவையே இருக்காது.

இப்போது உறுதியாகச் சொல்ல முடியாதவற்றுக்கு வருகிறேன். மக்கள் கூடி முடிவெடுத்தால் நகரம் நன்றாக அமையும் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். கூட்டத்துக்கு வருகிறவர்கள் யார் என்று பாருங்கள்: பெரும்பாலும் ஐம்பது வயதைக் கடந்த ஆண்கள், சொந்த வீடு உள்ளவர்கள், மனைப்பிரிவுச் சங்கத்தின் நிர்வாகிகள். வாடகைக்கு இருப்பவர் வருவதில்லை, அடுத்த வருடம் தான் எந்தத் தெருவில் இருப்போம் என்று அவருக்கே தெரியாது. மாலை ஆறு மணிக்குக் கூட்டம் வைத்தால் சமையலும் பிள்ளைகளும் உள்ள பெண் வரமுடியாது. அதே நேரம் பூக்கடைக்காரருக்கு வியாபார நேரம். தெரு வியாபாரிகளுக்காவது 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி நகர விற்பனைக் குழுவில் நாற்பது விழுக்காட்டுக்குக் குறையாத இடம் உண்டு, வாடகைக்காரருக்கு அப்படி எந்த இடமும் இல்லை. இந்த நிலையில் 'மக்கள் கருத்து' என்று நாம் எழுதிக் கொடுப்பது ஒரு பகுதியினரின் கருத்தாகவே இருக்கும், அவர்கள் கேட்பது பெரும்பாலும் கதவும் காவலாளியும் கேமராவுமாக இருக்கும். மேலும், எந்தத் தெருவும் தனக்கு அருகே குப்பைக் கிடங்கு வேண்டும் என்று கேட்காது, ஆனால் நகரத்துக்கு அது எங்கேயாவது வேண்டும். வெள்ளைக்கல் கிடங்குக்கு அருகே இருக்கும் அவனியாபுரத்துக்காரர்களைக் கேட்டால் இதன் மறுபக்கத்தைச் சொல்வார்கள். மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் ஒன்பது மீட்டருக்கு மேல் கட்டக்கூடாது என்ற விதியை, சித்திரை வீதியில் கடை வைத்திருப்பவர்களிடம் மட்டும் வாக்குக்கு விட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். சில முடிவுகளை அருகில் இருப்பவர்களிடம் மட்டும் விடக்கூடாது என்றே நான் நினைக்கிறேன். எவற்றை விடலாம், எவற்றை விடக்கூடாது என்று கோடு கிழிப்பதில் எனக்கு இன்னும் தெளிவு வரவில்லை.

வெளியூர் அனுபவங்களும் இரண்டு பக்கமும் பேசுகின்றன. புணே மாநகராட்சியில் 2006 முதல் மக்கள் தங்கள் வார்டுக்கு வேண்டிய வேலைகளை எழுதிக் கொடுத்து வரவுசெலவுத் திட்டத்தில் சேர்க்கும் வழி இருக்கிறது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் அது நடைபாதை, விளக்கு, பூங்கா இருக்கை அளவிலான வேலைகளுக்கானது, நகரம் எந்தப் பக்கம் வளரவேண்டும் என்ற கேள்வி அந்தப் படிவத்தில் இல்லை. கேரளத்தில் 1996-இல் தொடங்கிய மக்கள் திட்டம் வேறு மாதிரி. மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காட்டை உள்ளாட்சிகளுக்கு என்று ஒதுக்கிவிட்டு, அதன் பிறகு மக்களைக் கூட்டித் திட்டம் போடச் சொன்னார்கள். நான் அதில் கற்றுக்கொண்டது இந்த வரிசையைத்தான். கையில் இன்ன தொகை இருக்கிறது என்று தெரிந்து பேசும் கூட்டத்துக்கும், எதுவும் தெரியாமல் ஆசைகளை அடுக்கும் கூட்டத்துக்கும் பேச்சின் தரமே மாறிவிடும். முதல் வகைக் கூட்டத்தில் மக்கள் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன், இரண்டாவதில் பட்டியல் நீள்வதை மட்டுமே பார்த்திருக்கிறேன்.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: போங்கள், ஆனால் எந்தக் கூட்டம் என்று தெரிந்துகொண்டு போங்கள். அது பகுதி சபை என்றால், இருபது ஆண்டுக் கனவை அங்கே கொட்டாதீர்கள். நம் ஆட்களுக்கு மனு எழுதிப் பழக்கம், திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர் நாளுக்கு வரிசையில் நின்ற பழக்கம், அதனால் பகுதி சபையும் தெருவிளக்கு மனுக்களின் கூட்டமாகிவிடுகிறது என்று அதிகாரிகள் அலுத்துக்கொள்வார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. ஒரே தெருவிலிருந்து மூன்று கூட்டங்களில் ஒரே புகார் வந்தால் அது புகார் என்ற நிலையைத் தாண்டித் திட்டத்துக்கான தரவு ஆகிவிடுகிறது, ஆனால் அது தீர்மானத்தில் ஏறியிருக்கவேண்டும். எனவே பேசி முடித்ததும் தீர்மானப் புத்தகத்தில் உங்கள் விஷயம் எந்த எண்ணில் ஏறியது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த கூட்டத்தில் புதிதாக எதுவும் பேசாமல், போன முறை அந்த எண்ணில் ஏறியது என்ன ஆயிற்று என்ற ஒரே கேள்வியைக் கேளுங்கள். என் அனுபவத்தில் இந்தக் கேள்வி அளவுக்கு ஒரு கூட்டத்தை நிமிர்ந்து உட்காரவைப்பது வேறில்லை. யாரும் கேட்காததால்தான் 'மேற்படி' எழுத முடிந்தது.

முழுமைத் திட்டத்துக்கான அறிவிப்பு வந்திருக்கிறது என்றால், முதலில் அரசிதழ் தேதியைப் பாருங்கள், உங்கள் இரண்டு மாதம் அங்கிருந்துதான் ஓடுகிறது. கூட்டத்தில் எவ்வளவு பேசினாலும் எழுத்து மூலம் தராதது கணக்கில் வராது. முழு நகரத்தையும் பற்றி எழுதவேண்டாம், உங்கள் வீட்டிலிருந்து நடந்துபோய்த் திரும்பும் தூரத்துக்குள் இருப்பதைப் பற்றி எழுதுங்கள். உங்கள் பக்கம் நான்குவழிச்சாலையும் உயர்நீதிமன்றக் கிளையும் வந்த பிறகு கண்மாய்களைச் சுற்றி மனை விலை ஏறியிருக்கிறது, வரைபடத்தில் கண்மாயின் நீலம் எதுவரை இருக்கிறது, அதன் வரத்துக் கால்வாயும் மறுகாலும் காட்டப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். காட்டப்படவில்லை என்றால் கிராமப் புலப்படத்தின் நகலையும் 'அ' பதிவேட்டின் நகலையும் எடுத்து, புல எண்ணைக் குறிப்பிட்டு, என்ன மாற்றம் வேண்டும் என்று ஒரே வாக்கியத்தில் எழுதி, நேரில் கேட்கப்பட விரும்புகிறேன் என்பதையும் அதே கடிதத்தில் சேர்த்துவிடுங்கள். அந்தக் கோரிக்கை இல்லாத கடிதத்துக்கு அழைப்பு வராது. நேரில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள், இல்லையென்றால் விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றை வாங்கி வையுங்கள். முடிவு என்ன ஆயிற்று என்று சொல்லாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி, உங்கள் ஆட்சேபணைக்கு எதிரே எழுதப்பட்ட அலுவலகக் குறிப்பின் நகலைக் கேளுங்கள்.

எழுதுவதற்கு முன் உங்கள் பக்கத்தில் பழைய நீர்ப்பாய்ச்சி யாராவது இருக்கிறாரா என்று விசாரியுங்கள். ஊராட்சியாக இருந்த இடம் என்பதால் இருக்க வாய்ப்புண்டு, அல்லது அவர் மகனாவது இருப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் ஏறுவதற்குள், அவரோடு கரை மேல் ஒரு முறை நடந்துவிட்டு வாருங்கள். புலப்படத்தைக் கையில் கொண்டுபோங்கள், ஆனால் அவர் சொல்லி முடிக்கும்வரை பிரிக்காதீர்கள்.